நம்ம தட்டையும் கொஞ்சம் பார்ப்போம்



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, மாட்டுக் கடன் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேசியிருக்கிறோம். இந்தத் தடவை நம்ம சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். "பொம்பளைங்களுக்குச் சாப்பாட்டைப் பத்திச் சொல்லித் தரணுமா? மூணு வேளையும் அடுப்புகிட்ட நாமதானே நிக்கறோம்" என்று நீங்கள் கேட்கலாம். நிற்கிறோம், சரிதான். ஆனால் வீட்டுக்கே ஆக்கிப் போடுகிற நாம் என்ன சாப்பிடுகிறோம், எப்போது சாப்பிடுகிறோம், எதை யாருக்கும் தெரியாமல் சாப்பிடுகிறோம்? இதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேசினதில்லை. இப்போது பேச வேண்டிய அவசியம் வந்திருக்கிறது.

ஒரு ஊக்குநர் சொன்னது

ஆலத்தூர் ஒன்றியத்தில் ஒரு குழுவின் ஊக்குநர். வயது 38. குழு ஆரம்பித்த நாளிலிருந்து கணக்கு நோட்டு அவர் கையில்தான். ஒரு ரூபாய் பிசகியது கிடையாது. வெங்காய அறுவை நேரத்தில், களத்தில் உட்கார்ந்து தாள் அரிந்துகொண்டிருந்தவர் எழுந்திருக்கும்போது கண் இருட்டி விழுந்துவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனார்கள். இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் 6.4. நம்மைப் போன்ற பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. அதில் பாதிக்குச் சற்றே மேல் வைத்துக்கொண்டு அந்த அக்கா நாள் முழுக்கக் களத்து வேலை செய்திருக்கிறார்.

டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார்: "பச்சரிசி, மண்ணு, சாம்பல் இப்படி ஏதாவது திங்கற பழக்கம் இருக்காம்மா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொல்லவில்லை. ராத்திரி, கூடப்போன உறுப்பினரிடம்தான் சொன்னார். "பத்து வருஷமா பச்சரிசி திங்கறேன்டி. மடியிலயே வச்சிருப்பேன். ஒரு நாளைக்கு ஒரு ஆழாக்கு ஆயிடும். வீட்டுக்காரருக்குத் தெரியாது. திருடற மாதிரி இருக்கும். வேணாம்னு நெனச்சாலும் கை நிக்காது."

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டோம். "பேரு போடாதீங்க. ஆனா எழுதுங்க. என்னை மாதிரி எத்தனை பேரு இருக்காங்களோ" என்றார்.

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கூட்டமைப்புக் கூட்டத்தில் யார் என்று சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசினோம். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருவர், மழை பெய்து மண் வாசனை வந்தால் சுவரைச் சுரண்டித் தின்பேன் என்றார். இன்னொருவர் பிள்ளையின் சிலேட்டுக் குச்சி என்றார். ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு உறுப்பினர், பன்னிரண்டாவது படிக்கும் தன் மகள் ஆறு மாதமாகச் சோற்றைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்து போகிறாள் என்று சொல்லி அழுதார். சிரிப்பு நின்றுவிட்டது.

சாப்பாட்டுக் கோளாறு என்றால் என்ன?

பசித்தால் சாப்பிடுவது, நிறைந்தால் நிறுத்துவது. இது உடம்பு நமக்குக் கொடுத்த கணக்கு. இந்தக் கணக்கு தப்பிப் போய், சாப்பாடே பயமாகவோ, வெட்கமாகவோ, தண்டனையாகவோ ஆகிவிட்டால் அதுதான் கோளாறு. நம்ம பக்கத்தில் இது ஐந்து விதமாக இருப்பதைப் பார்க்கிறோம்.

1. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் மீதியைச் சாப்பிடுவது. மிச்சம் இல்லையென்றால் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவது.

2. பச்சரிசி, செம்மண், அடுப்புச் சாம்பல், திருநீறு, சிலேட்டுக் குச்சி, செங்கல் தூள் போன்றவற்றைத் தின்பது. டாக்டர்கள் இதைப் 'பைக்கா' என்கிறார்கள்.

3. இளைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே பட்டினி கிடப்பது. எலும்பும் தோலுமாக ஆன பிறகும் "நான் குண்டா இருக்கேன்" என்று நம்புவது. இது முற்றினால் 'அனோரெக்சியா'.

4. பட்டினி கிடந்து, தாங்க முடியாமல் ஒரே மூச்சில் நிறையத் தின்று, பிறகு பயந்து வாந்தி எடுப்பது. இதற்குப் 'புலிமியா' என்று பெயர்.

5. மனசு சரியில்லாதபோது, பசியே இல்லாமல், ராத்திரியில் தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டே இருப்பது.

முதலாவதை டாக்டர்கள் நோய் என்று எழுதுவதில்லை. அதை நாம் குணம் என்று மெச்சிக்கொள்கிறோம். "எங்கம்மா எல்லாருக்கும் போட்டுட்டுத்தான் சாப்பிடுவா" என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் மற்ற நான்குக்கும் பல வீடுகளில் வாசல் திறந்து விடுவது இந்த முதல் பழக்கம்தான். எப்படி என்று பார்ப்போம்.

யாருக்கு இரும்பு அதிகம் வேண்டும்?

ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பட்டியலில், ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்றும், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்றும் போட்டிருக்கிறது. மாதாமாதம் நமக்கு இரத்தம் போகிறது. பிள்ளை உண்டானால் அதற்கும் நம்ம இரத்தத்திலிருந்துதான் பங்கு போக வேண்டும். ஆகவே நமக்குத்தான் அதிகம் வேண்டும்.

நம்ம வீட்டில் நடப்பது என்ன? குழம்பில் மீன் துண்டு வீட்டுக்காரருக்கும் பையனுக்கும். முட்டை மாமனாருக்கு. நமக்குச் சட்டியில் ஒட்டின குழம்பும் அடிச்சோறும். அதிகம் வேண்டியவளுக்குக் குறைவாகவும் குறைவாக வேண்டியவருக்கு அதிகமாகவும் போகிறது. குழுவில் இப்படிக் கடன் பிரித்தால் நாம் சும்மா இருப்போமா? தீர்மான நோட்டை எடுத்து வைத்துச் சண்டை போடுவோம்.

இதன் பலன் கணக்கில் தெரிகிறது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் 55 பேர். அத்தனை வருஷத்தில் இரண்டு பேர்தான் குறைந்திருக்கிறார்கள்.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. உயரத்துக்கு மீறின எடையுள்ள பெண்கள் 2015-16-ல் 100-க்கு 31 பேர். 2019-21-ல் 40 பேர். ஒரே ஊரில், சில சமயம் ஒரே உடம்பில், இரண்டும் இருக்கிறது. உடம்பு பருத்தும் இருக்கும், இரத்தமும் இருக்காது. "பாக்க நல்லாத்தானே இருக்கே, உனக்கென்ன சோகை?" என்று யாரையும் சொல்லக் கூடாது என்பது இதிலிருந்து புரிகிறது.

பச்சரிசி ஆசை எங்கிருந்து வருகிறது?

"பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்" என்று நம்ம ஆயா அப்பாயி எல்லாரும் மிரட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே பெண் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் இருந்ததால்தான் அப்படி ஒரு பேச்சே வந்திருக்கிறது.

பழக்கம் இன்னும் பழசு. புறநானூற்றில் 20-ஆம் பாட்டில், குறுங்கோழியூர் கிழார் என்ற புலவர் சேர மன்னன் ஒருவனைப் புகழ்கிறார். உன் நாட்டு மண்ணை மசக்கைக்காரப் பெண்கள் ஆசைப்பட்டுத் தின்றால் உண்டு, எதிரிகள் யாரும் அதை எடுக்க முடியாது என்பது அதன் கருத்து. மசக்கையில் மண் தின்பது அரசனைப் பாடுகிற பாட்டில் வரும் அளவுக்கு ஊரறிந்த விஷயமாக இருந்திருக்கிறது. ஆகவே இந்த ஆசை வந்தவர்கள் கெட்ட பழக்கக்காரர்களும் இல்லை, பேய் பிடித்தவர்களும் இல்லை.

உடம்பில் இரும்புச்சத்து குறையும்போது பலருக்கு இந்த ஆசை வருகிறது. சிலருக்குப் பச்சரிசி, சிலருக்கு மண், சிலருக்கு ஐஸ் கட்டி. அதனால்தான் டாக்டர்கள் இரத்தசோகையைப் பார்த்ததும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். கஷ்டம் என்னவென்றால், ஆசை வந்த பொருளால் குறை தீர்வதில்லை. பச்சரிசி வயிற்றை அடைத்துக்கொள்கிறது. அப்புறம் சோறு, குழம்பு, கீரை இறங்காது. மண்ணோடு குடற்புழு முட்டைகள் உள்ளே போகும். மண் சாப்பாட்டில் இருக்கும் இரும்பையும் உடம்பில் ஒட்ட விடாது. இரத்தம் இன்னும் குறையும், ஆசை இன்னும் கூடும். சிலேட்டுக் குச்சி பல்லைத் தேய்த்துவிடும்.

"இனிமே தின்னாதே" என்று சத்தியம் வாங்குவதால் இது நிற்காது. இரத்தத்தை ஏற்ற வேண்டும். இரும்புச்சத்து ஏற ஏற, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்திலேயே ஆசை தானாக அடங்கிவிடுகிறது.

பட்டினி மனசை என்ன செய்யும்?

இளைப்பதற்காகப் பட்டினி கிடக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய சோதனையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் சமயம், 1944-45-ல், அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் ஒரு சோதனைக்குத் தாங்களாக முன்வந்தார்கள். போரினால் பட்டினியில் கிடக்கும் மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனை. அன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி அவர்களுக்கு ஆறு மாதம் பாதிச் சாப்பாடு கொடுத்தார். எல்லாரும் திடகாத்திரமான, மனத்தெம்புள்ள ஆண்கள்.

கால்வாசி எடை குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அவர்கள் மனசில் நடந்தது. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சின்ன விஷயத்துக்குக் கோபம். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. சோதனை முடிந்து சாப்பாடு கொடுத்ததும் சிலருக்கு எவ்வளவு தின்றாலும் அடங்கவில்லை.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, பட்டினி கிடந்த உடம்பு யாராக இருந்தாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பது. காலையில் டீ, மத்தியானம் ரெண்டு கவளம், ராத்திரி ஒன்பது மணிக்குப் பெரிய தட்டு நிறையச் சோறு. இப்படி இருக்கிற உறுப்பினர் "நான் கொஞ்சம்தான் சாப்பிடறேன், உடம்பு ஏன் ஊதுது?" என்று கேட்கிறார். பகல் பட்டினிதான் ராத்திரியில் அவரை அள்ளித் தின்ன வைக்கிறது. தின்ற கையோடு படுக்கை. மறுநாள் "நேத்து ஜாஸ்தி தின்னுட்டேன்" என்று மறுபடி பட்டினி. இது வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிற கதை. நேரத்துக்குச் சாப்பிட ஆரம்பித்தால்தான் இந்தச் சுற்று உடையும்.

எடை திடீரென்று கூடினால் தைராய்டு கோளாறும் காரணமாக இருக்கலாம். அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பதில் ஒரு மாவைக் கரைத்துக் குடித்தால் இளைக்கலாம் என்று ஊருக்குள் வந்து விற்பவர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாற வேண்டாம்.

வாய் வார்த்தை விஷயம்

ஜெயங்கொண்டம் பக்கத்துப் பிள்ளையிடம் பொறுமையாகக் கேட்டபோது, ஆரம்பம் எங்கே என்று தெரிந்தது. ஒரு காதுகுத்து வீட்டில் சொந்தக்கார அம்மா ஒருவர், "என்னடி பூசணிக்கா மாதிரி ஆயிட்டே? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க?" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவருக்கு அது மறந்தே போயிருக்கும். பிள்ளைக்கு மறக்கவில்லை. வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். மூன்று மாதமாக மாதவிலக்கும் நின்றுவிட்டது. முடி கொட்டியது. பாடத்தில் மனசு போகவில்லை.

நாமும் இதைச் செய்கிறோம். பூசணிக்கா, வத்தக்குச்சி, கறுப்பி, முருங்கைக்கா என்று பிள்ளைகளுக்குப் பட்டப் பெயர் வைக்கிறோம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் "வாயைக் கட்டு" என்கிறோம். பிள்ளை பெற்றவளிடம் "இன்னும் வயிறு வத்தலையா?" என்கிறோம். நம்ம உடம்பையே நாம் திட்டிக்கொள்கிறோம். வயிற்றில் வரி, காலில் நரம்பு, முகத்தில் கறுப்பு என்று கண்ணாடியைப் பார்த்தாலே குறைதான்.

அந்த வயிற்று வரி பிள்ளை இருந்து வந்த இடம். இந்தக் கால்தான் தண்ணீர்க் குடத்தையும் பருத்தி மூட்டையையும் சுமந்தது. உடம்பு அழகாக இருக்கிறதா என்று தினமும் அதற்குப் பரீட்சை வைக்க வேண்டாம். இன்று நடக்க முடிந்ததா, நிம்மதியாகத் தூங்க முடிந்ததா, மூச்சு வாங்காமல் மேடேற முடிந்ததா என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு உடம்பு உண்மையான பதில் சொல்லும்.

எடையைப் பொறுத்தவரை ஒரு கணக்கு தெரிந்திருந்தால் போதும். 5 அடி உயரமுள்ள பெண் 43 கிலோவுக்குக் கீழே போனால் எடை போதாது. அதற்கு மேல் ஊரார் கண்ணுக்காக இளைக்க வேண்டியதில்லை.

விரதம் இருப்பது தப்பா?

தப்பில்லை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்குத் திங்கள், வெள்ளி விரதம் இருப்பவர்கள் நம்மில் நிறைய. சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்களும் உண்டு. சமயபுரம் மாரியம்மன் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி இருப்பதாக ஐதீகம். அந்த நாட்களிலும் அம்மனுக்கு இளநீர், நீர்மோர், பானகம், துள்ளுமாவு படைக்கிறார்கள். 28-ஆம் நாள் விரதம் முடிகிறது. ஆத்தாளின் விரதத்துக்கே ஒரு முடிவு நாள் இருக்கிறது. நாம் வருஷம் முழுக்கக் காலைச் சாப்பாட்டை விடுவதற்கு எந்தச் சாமியும் கணக்கு வைக்கப் போவதில்லை. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சோகை உள்ளவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் விரதத்துக்கு முன் டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். விரதம் என்ற பேரில் பிள்ளைகள் இளைக்கப் பார்க்கிறார்களா என்பதையும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

1. இரத்தம் பார்த்துக்கொள்வது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள். கர்ப்பிணி அல்லாதவர்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 இருக்க வேண்டும். 8-க்குக் கீழே (கர்ப்பிணிகளுக்கு 7-க்குக் கீழே) இருந்தால் அது கடுமையான சோகை. தள்ளிப்போடக் கூடாது. மாதவிலக்கில் அதிகம் போகிறவர்கள் அதையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

2. மாத்திரையை ஒழுங்காகப் போடுவது. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் சாப்பிட்ட பிறகு போடலாம். டீ, காபி, பாலோடு போட்டால் மருந்து ஒட்டாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைத் தண்ணீர், நெல்லிக்காய், கொய்யா கூட இருந்தால் நன்றாக ஒட்டும். இரத்தம் ஏறினதும் நிறுத்திவிடாமல் டாக்டர் சொன்ன நாள் வரை போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு தடவை கொடுக்கும் நீல மாத்திரையைப் பிள்ளைகள் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. பூச்சி மருந்து. வெறுங்காலோடு கொல்லைக்குப் போனால் கொக்கிப்புழு தோல் வழியே ஏறிக் குடலில் இரத்தத்தைக் குடிக்கும். செருப்புப் போடுங்கள். புழு மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று செவிலியரிடம் கேட்டுப் போடுங்கள்.

4. காலையில் சாப்பிடுவது. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் நம்ம உறுப்பினர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமாவும் பொங்கலும் கிண்டுகிறார்கள். பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு வேண்டும் என்று நமக்குத் தெரிகிறது. கிண்டுகிறவளுக்கும் வேண்டும். பழைய சோறும் மோரும், கம்பங்கூழும் கடலைத் துவையலும், கேழ்வரகு அடை, எது இருந்தாலும் சரி. வேலைக்குக் கிளம்பும் முன் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும்.

5. கொல்லையில் இருப்பதைச் சாப்பிடுவது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, தட்டைப்பயறு, கொள்ளு, எள்ளு, நிலக்கடலை நம்ம மண்ணில் விளைகிறது. முந்திரி விற்கிற ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து உறுப்பினர்கள் உடைந்த பருப்பிலாவது ஒரு பிடி வீட்டுக்கு வையுங்கள். முட்டை, கருவாடு, ஈரல் சாப்பிடுகிறவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் மிகவும் குறைந்திருந்தால் கீரை மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

6. முதலில் பங்கு வைப்பது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தட்டுப் போடுங்கள். முடியாத வீட்டில், பரிமாறுவதற்கு முன்னால் நம்ம பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். மாமியாராக இருப்பவர்கள் மருமகளுக்கு இதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

சாப்பிட்டதும் தினமும் வாந்தி எடுப்பது, மூன்று மாதம் மாதவிலக்கு நிற்பது, அடிக்கடி மயக்கம், நெஞ்சு படபடப்பு, வேகமாக இளைப்பது, "செத்துடலாம்னு இருக்கு" என்ற பேச்சு. இதில் எது இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். அடிக்கடி வாந்தி எடுத்தால் உடம்பில் உப்புச்சத்துக் கெட்டு இருதயத் துடிப்பே தடுமாறும். பட்டினியால் எலும்பு தேயும். விளையாட்டில்லை.

இதற்கு உடம்பு வைத்தியமும் மன வைத்தியமும் சேர்ந்து வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநல டாக்டரைப் பார்க்கலாம். மனநல டாக்டர் என்றதும் ஊர் என்ன சொல்லும் என்று பயப்படாதீர்கள். போனில் பேச 14416 என்ற இலவச எண் இருக்கிறது. 2022-ல் தொடங்கியது, தமிழிலும் பேசலாம். 104-லும் ஆலோசனை கேட்கலாம். சாப்பிடாத பிள்ளையை அடித்து ஊட்ட வேண்டாம். "என்னடி பண்ணுது உனக்கு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தட்டைப் பற்றிப் பேசுவதைவிட மனசைப் பற்றிப் பேசுங்கள்.

நம்ம குழுவில் என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியரை அழைத்து எல்லா உறுப்பினருக்கும் இரத்தம் பாருங்கள். எண்ணை அவரவர் தன் பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். யாருக்கு எவ்வளவு என்று கூட்டத்தில் சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம். கூட்டத்தில் டீயோடு பிஸ்கட்டுக்குப் பதில் கடலை உருண்டை, சுண்டல் வையுங்கள். யாருடைய உடம்பையும் கேலி பேசுவதில்லை என்று ஒரு தீர்மானம் போடுங்கள். அபராதம் வேண்டுமானால் உங்கள் இஷ்டம்.

ஆலத்தூர் ஒன்றியத்து ஊக்குநர் எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். அவரைத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பி டிரிப்ஸ் வழியாக இரும்பு மருந்து ஏற்றினார்கள். பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். அப்புறம் மாத்திரை. நாலு மாதம் கழித்துப் பார்த்ததில் 10.2. இன்னும் ஏற வேண்டும். பச்சரிசி ஆசை ஒன்றரை மாதத்திலேயே போய்விட்டது என்கிறார். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டார். அவர் திட்டவில்லையாம், "இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?" என்று மட்டும் கேட்டாராம்.

"எல்லாம் சரியாயிடுச்சா அக்கா?" என்று கேட்டோம்.

"அரிசி விட்டுப் போச்சு. ஆனா எல்லாரும் இருக்கறப்ப என் தட்டுல மொதல்ல சோறு போட்டுக்க இன்னும் கை கூசுது. பழகணும்" என்றார்.

எல்லாரும் பழகுவோம்.